இருபத்து நான்கு நிமிடத் தூரம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே சுகமாக இருக்கிறேன். உனக்கு வாந்தி நின்றதா? அம்மாவின் முழங்கால், அத்தானின் படகு எஞ்சின், வாயாடியின் இருமல், மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. ‘எல்லாரும் நலம்’ என்று ஒரே வரியில் தள்ளிவிடாதே. உன் மகளுக்கு வாயாடி என்று பேர் வைத்தது சித்திதான் என்று அவளுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்து.

புயலில் சாய்ந்த டெலிபோன் கோபுரத்தை இந்த வருடமும் நிமிர்த்த மாட்டார்களாம். அதனால் நமக்குக் கடிதம்தான்.

விமானக் கம்பெனி வேலை என்றதும் நான் வானத்தில் பறப்பதாக அம்மா நினைத்துக்கொண்டிருப்பாள். நான் உட்காருவது மாடிப்படிக்குக் கீழே. கால அட்டவணைப் பிரிவு. நான்கு மேஜை, ஒரு மின்விசிறி. ஏழு தீவுகளுக்கும் விமானம் எப்போது கிளம்பும், எப்போது இறங்கும் என்று எழுதுவது எங்கள் வேலை. அது அப்படியே கிளம்புகிறதா என்று பார்ப்பது வேறு யாருடைய வேலையோ. சூப்பிரண்டு முன்னால் எந்தக் காகிதத்தை வைத்தாலும் டப்பென்று முத்திரை குத்திவிடுகிறார். மனசுக்குள் அவரை முத்திரை சார் என்றுதான் கூப்பிடுகிறேன்.

எதிர் மேஜைக்காரிக்கு நம் தீவு என்றால் ஒரே சிரிப்பு. “உங்க ஊருக்குப் போக பாஸ்போர்ட் எடுக்கணுமா?” என்று தினமும் கேட்பாள். உனக்குத்தான் தெரியுமே, எனக்குப் பதில் எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றும்.

போன வாரம் ஒரு படிவம் வந்தது. ஏழு தீவுகளின் பேரும் வரிசையாக இருந்தன. ஐந்தாவது கட்டத்தில் இங்கிருந்து தூரம், ஆறாவது கட்டத்தில் பயண நேரம். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. மூத்த குமாஸ்தா ஆறு தீவுகளுக்கு அச்சடித்த அட்டவணையைப் பார்த்து எழுதிவிட்டு, “இது உங்க ஊர்தானே, நீயே போடும்மா” என்று தள்ளிவிட்டார். அட்டவணையில் நமக்கு நாற்பது நிமிடம் என்று இருக்கிறது. கதவு மூடுவது, திறப்பது எல்லாம் சேர்த்து, தாமதம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று கொஞ்சம் கூட்டியும் போட்ட கணக்கு அது. எனக்கு மனசு கேட்கவில்லை. முதல் தடவையாகப் பைலட்டிடம் போய் நின்று வாய் திறந்து கேட்டேன். மூன்று மாதக் குறிப்பேட்டைக் கொடுத்தார். சக்கரம் தரையை விட்டு எழும்பியதிலிருந்து மறுபடி தரை தொடும் வரை, சராசரி இருபத்து நான்கு நிமிடம். தூரம் தொண்ணூற்றாறு கிலோமீட்டர். அழகாக எழுதிக் கொடுத்தேன். எதிர் மேஜைக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, “அடேயப்பா, இவ்வளவு பக்கமா?” என்றாள். அன்றிலிருந்து பாஸ்போர்ட் பேச்சு இல்லை.

அப்பாவிடம் சொல். அவர் ஆடு விரட்டும் ஓடுதளத்துக்கு நான் சரியான கணக்கு எழுதியிருக்கிறேன் என்று.

அன்புடன்,
உன் தங்கை

---

ஜனவரி 31

சின்னவளுக்கு,

வாந்தி நின்றது. அம்மாவின் முழங்கால் மழைக்கு மட்டும் வலிக்கிறது. எஞ்சின் அத்தானுடைய பேச்சை மட்டும் கேட்கிறது. இருமல் போய்விட்டது, வாய் போகவில்லை. தனித்தனியாக எழுதிவிட்டேன், போதுமா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதை நீ எழுதவே இல்லை.

உன் கடிதம் என் கைக்கு வர பத்தொன்பது நாள் ஆனது. இருபத்து நான்கு நிமிடத்தில் பறக்கிற விமானத்தில்தான் வந்தது. தபால் மூட்டையை இரண்டு தடவை இறக்கி வைத்துவிட்டார்களாம். ஒரு தடவை இரண்டு குண்டு மனிதர்களுக்காக, இன்னொரு தடவை ஒரு குளிர்பெட்டிக்காக.

அப்பா உன் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னார். பைலட்டிடம் நீ போய்க் கேட்ட இடத்தை மட்டும் நான்காவது தடவை. அவர் எப்போதும் போலத்தான் இருக்கிறார். காலையில் படகேறி ஓடுதளம் இருக்கும் திட்டுக்குப் போவது, அங்கே ஆடு விரட்டுவது, பயணிகளை மூட்டையோடு சேர்த்து எடை போடுவது, விமானம் வராத நாளில் கொட்டகைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டுத் திரும்புவது.

ஜூலை இருபது என்று நர்ஸம்மா நாள் குறித்திருக்கிறார். வாயாடி பிறந்தபோது உனக்கு ஞாபகம் இருக்கும். வலி எடுத்து மூன்று மணி நேரத்தில் வந்துவிட்டாள், வீட்டிலிருந்து பிரசவ அறைக்கு நடந்து போனதே பெரிய காரியம். இரண்டாவது அதைவிடச் சீக்கிரம் வருமாம். “வலி வந்தா மிஷினை நிறுத்திட்டு நேரா வா, பட்டன் தெச்சிட்டு வர்றேன்னு உக்காந்துடாதே” என்று இப்போதே திட்டுகிறார். இரண்டு தெரு தள்ளி அவர் இருப்பதால் எனக்குப் பயமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

ஏப்ரல் 4

சின்னவளுக்கு,

நீ அனுப்பிய மெல்லிய துணி வந்து சேர்ந்தது. நன்றாக இருக்கிறது. நாங்கள் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறோம். மனசைப் பற்றிக் கேட்காதே.

சுகாதார நிலையக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். ஜூலை முதல் தேதியிலிருந்து பிரசவ அறை மூடப்படுகிறது. நர்ஸம்மாவுக்கு மாற்றல், ஜூன் முப்பது விமானத்தில் சாவியோடு கிளம்ப வேண்டும். காரணமும் போட்டிருக்கிறது. எழுத்துப் பிசகாமல் எழுதுகிறேன்: ‘பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து முப்பது நிமிடப் பயணத்துக்குள் இருக்கும் தீவுகளுக்குத் தனிப் பிரசவ அறை தேவையில்லை. இத்தீவின் தூரம் 96 கி.மீ., பயண நேரம் 24 நிமிடம்.’

படித்துவிட்டு எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. எந்த இருபத்து நான்கு நிமிடம்? யார் அப்படி இங்கிருந்து கிளம்பி ஆஸ்பத்திரியில் போய் இறங்கியது? படகுத்துறைக்கு நடக்க அரை மணி. திட்டுக்குப் படகு. வாரத்தில் மூன்று நாள்தான் விமானம், அதுவும் காற்றுக்குப் பிடித்தால்தான். வெயில் ஏறினால் விமானம் எழும்ப ஓடுதளம் போதாதென்று ஏழு பேரை இறக்கிவிடுகிறார்கள். எனக்கு வலி புதன்கிழமை வந்தால், ‘நாளை வரை பொறு’ என்று பிள்ளையிடம் சொல்லவா?

இங்கே படகுத்துறையில் எல்லோரும் கொதிக்கிறார்கள். நமக்குப் பக்கத்துத் தீவு பெரிய ஆஸ்பத்திரிக்கு நம்மைவிடக் கிட்டே இருக்கிறது. அதற்கு முப்பத்தைந்து நிமிடம் என்று எழுதி, அங்கே பிரசவ அறையை விட்டுவிட்டார்களாம். கிட்டே இருப்பது தூரம், தூரத்தில் இருப்பது கிட்டே! இந்தக் கணக்கு உங்கள் ஆபீஸிலிருந்துதான் போயிருக்கிறது என்று நர்ஸம்மா சொல்கிறார். அந்தக் கட்டத்தை நிரப்பிய புண்ணியவான் யார் என்று விசாரித்து எழுது. அவர் பேர் எனக்கு வேண்டாம். அவர் வீட்டில் பிள்ளை பெறுகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுச் சொல்.

அக்கா

---

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ கால் வீங்காமல் பார்த்துக்கொள். மிஷினில் தொடர்ந்து உட்காராதே. இரும்பு மாத்திரையைத் தேநீரோடு சாப்பிடக் கூடாது என்று இங்கே என்னோடு தங்கியிருக்கும் ஒரு நர்ஸ் சொன்னாள். அம்மாவுக்கு முழங்கால் பட்டை ஒன்று வாங்கியிருக்கிறேன். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. மின்விசிறி மூத்த குமாஸ்தா பக்கம்தான் திரும்பி இருக்கிறது.

வாயாடிக்குப் படம் போட்ட புத்தகம் ஒன்று அனுப்புகிறேன். கிழித்தால் திட்டாதே.

பிரசவ அறை விஷயம் கேட்டு மனசு கஷ்டமாக இருந்தது. நீ கவலைப்படாதே.

அத்தானிடம் கேட்டதாகச் சொல்.

தங்கை

---

மே 3

சின்னவளே,

முழங்கால் பட்டை வந்தது, புத்தகம் வந்தது, மாத்திரை யோசனை வந்தது. நான் கேட்டதற்குப் பதில் மட்டும் மூட்டையில் இடம் கிடைக்காமல் இறங்கிவிட்டது போலிருக்கிறது.

உன் ஜனவரிக் கடிதத்தை அப்பாவுக்கு நான்கு தடவை சத்தம் போட்டுப் படித்தவள் நான். கதவில் அந்தத் தாளைப் பார்த்த நிமிடமே எனக்குத் தெரியும். சக்கரம் எழும்பியதிலிருந்து சக்கரம் தொடும் வரை, சராசரி. பக்கத்தில் நர்ஸம்மா நின்றார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீயே சொல்வாய் என்று ஒரு மாதம் காத்திருந்தேன். நீ மின்விசிறி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று எழுதினாய்.

தப்பாக எழுதியதுகூட எனக்குப் பெரிதில்லை. நம்மில் படித்தவள் நீ ஒருத்தி. மற்ற தீவுக்கெல்லாம் அட்டவணையைப் பார்த்து எழுதிய அந்தச் சோம்பேறிக் குமாஸ்தாவால் அங்கே பெண்கள் பிழைத்தார்கள். நமக்கு மட்டும் அக்கறையாக ஒருத்தி கிடைத்தாள். யாரோ ஒருத்தி பாஸ்போர்ட் என்று சிரித்தாளென்று ஒரு தீவையே இழுத்துப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறாய்.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. திட்டுக்கு வருகிற ஆட்களிடமெல்லாம், “என் பொண்ணுதான் அங்க நேரம் எழுதுறா” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அக்கா

---

மே 12

அக்கா,

நான்தான் எழுதினேன். உன் ஏப்ரல் கடிதம் வந்த அன்று மூன்று பதில் எழுதிக் கிழித்தேன். நான்காவதாக எழுதியது மின்விசிறிக் கடிதம்.

அந்தப் படிவம் சுகாதாரத் துறைக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தினமும் யோசிக்கிறேன். ஆனால் எதற்கென்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சம். பைலட்டிடம் கேட்ட தைரியம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது.

மே இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை விமானத்தில் வருகிறேன். அப்பாவிடம் நானே சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை திரும்பிவிடுவேன். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை, வீட்டுக்குள் விடு.

தங்கை

---

மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்தேன். உன் வீட்டில் இரண்டரை நாள் இருந்தேன். நீ என்னிடம் பேசியது, ‘சாப்பிடு’, ‘தள்ளு’, ‘ஊசி இருக்கு, பாத்து உக்காரு’. அவ்வளவுதான். சரி. எனக்கு அதுகூட அதிகம்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினார். ஜனவரியிலிருந்து இருபத்து மூன்று கோடுகள். “இதையும் சேத்து எழுதியிருக்கணும்” என்றார். திரும்பி வந்து ஆட்டை விரட்டப் போய்விட்டார்.

நான் திரும்பிய கணக்கைச் சொல்கிறேன். இந்தத் தடவை கையில் கடிகாரத்தோடு எழுதியது. செவ்வாய் விடியற்காலை நாலு ஐம்பதுக்கு உன் வாசல்படி இறங்கினேன். நீ ஜன்னலில் நின்றாய், எனக்குத் தெரியும். துறையில் படகுக்குக் காத்திருந்து, அத்தான் என்னைத் திட்டில் இறக்கியபோது ஆறு இருபது. பதினோரு மணிக்கு, காற்று அதிகம், விமானம் வராது என்றார்கள். அப்பா ஒரு கோடு போட்டார். மறுநாள் ஈடுகட்ட ஒன்று அனுப்புகிறோம் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை. அதனால் யாரும் வீட்டுக்குத் திரும்பவில்லை, கொட்டகையிலேயே கிடந்தோம். புதன்கிழமை விமானம் வந்தது. வெயிலுக்கு எடை கூடாதென்று கடைசியாகப் பேர் கொடுத்த இரண்டு பேரை இறக்கச் சொன்னார்கள். ஒன்று நான். எடை மேடையிலிருந்து என்னை இறக்கிவிட்டது யார் என்று நினைக்கிறாய்? அப்பாதான். என் முகத்தைப் பார்க்காமல், “கடைசி ரெண்டு பேர் இறங்குங்க” என்றார். வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்குச் சக்கரம் எழும்பியது. பத்து நாலுக்குத் தரை தொட்டது.

இருபத்து நான்கு நிமிடம், அக்கா. ஒரு நிமிடம் கூடவில்லை, குறையவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு பெட்டிக்கு நின்று, பஸ் நிரம்பும் வரை காத்திருந்து, ஊருக்குள் வந்து, வழி கேட்டு, பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது சரியாகப் பன்னிரண்டு மணி. எனக்கு வலியில்லை, வயிற்றில் பிள்ளையில்லை. அப்படியிருந்தும் வாசலில் இருந்த காவலாளி ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

எல்லாவற்றையும் எழுதி முத்திரை சார் முன்னால் வைத்தேன். படிக்கவில்லை. “ஒரு தடவை கையெழுத்து போட்ட நம்பர் தப்பாகாதும்மா. பழசாகும், அவ்வளவுதான்” என்றார். நான் நகராமல் நின்றதும், “அட்டவணைல நாப்பதுன்னு இருக்கு. வேணும்னா அதைப் போட்டுக் குடு, உன் தொல்லையும் முடியும்” என்றார். நாற்பது போட்டால் உன் அறை தப்பித்துவிடும் என்று ஒரு நிமிடம் சபலம் வந்தது. ஆனால் அதுவும் பொய்தானே. நாளைக்கு இன்னொருத்தி என்னைப் போலவே பைலட்டிடம் போய்க் கேட்டு அதை இருபத்து நான்காக்கிவிடுவாள். நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்துவிட்டேன். கோபத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது. முதல் தடவையாக என் மீது இல்லாத கோபம்.

நீ மருந்து தவறாமல் சாப்பிடு.

தங்கை

---

ஜூன் 23, கொட்டகையிலிருந்து

சின்னவளே,

நலம் விசாரிக்க நேரமில்லை. விமானம் நிற்கிறது. பைலட் கையிலேயே கொடுத்துவிட எழுதுகிறேன்.

முழு மாத வயிற்றோடு அலைய வேண்டாம், முன்கூட்டியே போய் அங்கேயே தங்கிக்கொள் என்று நர்ஸம்மா சொன்னார். உன் விடுதியில் ஆள் தங்க விடமாட்டார்கள் என்று தெரியும். எங்காவது ஒரு அறை பார்த்துக்கொள்ளலாம், ஒரு மாதம்தானே என்று வாயாடியை அம்மாவிடம் விட்டுவிட்டு சனிக்கிழமை இங்கே வந்தேன். விமானம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தேன். வரவில்லை. அப்பா இரண்டு கோடு போட்டார். இன்று வந்தேன். விமானமும் வந்தது.

உங்கள் கம்பெனி ஏஜெண்ட் நர்ஸம்மா எழுதித் தந்த சீட்டை வாங்கிப் பார்த்தான். “முப்பத்தாறு வாரம் முடிஞ்சு ஒரு நாள் ஆகுது. ஏத்த முடியாது” என்றான். கம்பெனி விதியாம்.

“ரெண்டு தடவை நான் வந்தேன். நீங்கதானே வரலை?” என்றேன்.

“விமானம் வரலைன்னா வாரம் நிக்குமா மேடம்?” என்று கேட்டான். பக்கத்தில் நின்றவன் சிரித்தான்.

கேட்டாயா? பிள்ளை பெற விமானத்தில் போ என்று பிரசவ அறையை மூடுகிறார்கள். பிள்ளை பெறப்போகிறவள் விமானத்தில் ஏறக் கூடாது என்று இறக்கிவிடுகிறார்கள். இரண்டு சட்டமும் ஒரே ஊரிலிருந்து வருகிறது. இரண்டையும் எழுதியவர்கள் ஒரே கடையில் தேநீர் குடிப்பார்கள் என்று நினைக்கிறேன். எடை மேடையிலிருந்து என் பெட்டியை அப்பாவே எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். உன்னை இறக்கியபோது உன் முகத்தைப் பார்க்கவில்லை என்று எழுதினாயே. என் முகத்தைப் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

இன்னும் ஏழு நாளில் நர்ஸம்மா போய்விடுவார். பயமாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

உன் பயணக் கணக்கை நான்கு தடவை படித்தேன். ஒரு தையற்காரியாகச் சொல்கிறேன். நீ ஜனவரியில் எடுத்த அளவு சரியான அளவுதான். எடுத்த இடம்தான் தப்பு. தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளக்கச் சொன்னால் முழங்கையிலிருந்து அளந்திருக்கிறாய். கத்தரித்த துணியை ஒட்டுப் போட்டுத்தான் ஆக வேண்டும். போ, போய்ப் பேசு. கூச்சத்தைப் பிறகு படு.

அக்கா

---

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நீ தைரியமாக இரு. கை கால் வீக்கம் இருந்தால் நர்ஸம்மாவிடம் மறைக்காதே.

உன் கடிதத்தைப் பைலட் என் மேஜைக்கே கொண்டுவந்து கொடுத்தார். படித்துவிட்டு ஒரு புதிய படிவம் எடுத்தேன். ஐந்தாவது கட்டத்தில் தொண்ணூற்றாறு. அதை நான் மாற்றவில்லை, கடல் அப்படியேதான் இருக்கிறது. ஆறாவது கட்டத்தில் நிமிடத்தில்தான் எழுத வேண்டும் என்று அச்சடித்திருக்கிறது. உன் வாசல்படியிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை இரண்டு நாள், ஏழு மணி, பத்து நிமிடம். பெருக்கிப் பார்த்து 3310 என்று எழுதினேன். கட்டம் இரண்டு இலக்கத்துக்குத்தான் போட்டிருக்கிறார்கள். மற்ற இரண்டும் வெளியே நிற்கின்றன.

முத்திரை சார் வழக்கம்போல் கையைத் தூக்கினார். “படிச்சிட்டுக் குத்துங்க சார்” என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. எதிர் மேஜைக்காரி தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவர் படித்தார். அடியில் இருந்த உன் கடிதத்தையும் படித்தார். “அக்காவுக்கு இப்ப எத்தனை வாரம்?” என்று கேட்டார். சொன்னேன். குத்தினார். பிறகு மை சரியாகப் பதியவில்லையென்று இன்னொரு தடவையும் குத்தினார்.

அதை எடுத்துக்கொண்டு சுகாதாரத் துறைக்குப் போனேன். மூன்று ஜன்னல்களில் என்னை அடுத்த ஜன்னலுக்கு அனுப்பினார்கள். நான்காவதில் அந்த உத்தரவில் கையெழுத்திட்ட அதிகாரியே வந்து என்னைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டார். ஆறாவது கட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். “இது நிமிஷமா, போன் நம்பரா?” என்றார். உன்னை இறக்கிவிட்ட விதியை எங்கள் கம்பெனி விதிப் புத்தகத்திலிருந்து பிரதி எடுத்து வைத்திருந்தேன், அதைப் பக்கத்தில் வைத்தேன். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஆனாலும், “ஏதோ ஒரு வாரம் அப்படி ஆகியிருக்கும். அதையே கணக்கா எடுத்துக்க முடியுமா?” என்றார்.

பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்ட அப்பா ஞாபகத்துக்கு வந்தார்.

“நம்பலைன்னா நீங்களே ஒரு தடவை போய்ட்டு வாங்க சார்” என்றேன்.

அக்கா, எனக்கு நின்ற இடத்திலேயே பதில் தோன்றியது இதுதான் முதல் தடவை.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “நாளைக்கே போறேன். ரெண்டு நாள் வேலை. வியாழக்கிழமை மதியம் இதே மேஜைல இருப்பேன், நீயும் வா” என்றார். திரும்பும்போது நர்ஸம்மாவையும் சாவியையும் தன்னோடு கூட்டி வந்துவிடுவாராம். நல்லது செய்தேனா, மறுபடி கெடுத்தேனா என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். நன்றாக ஒட்டியிருக்கிறேன்.

வியாழக்கிழமை அந்த மேஜை முன்னால் போய் நிற்பேன்.

தங்கை

---

ஜூலை 9

அன்புள்ள என் தங்கைக்கு,

நானும் நலம், பிள்ளையும் நலம். பெண். வாயாடி தன் பேரை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாள், ஆகவே இதற்கு நீ வேறு பேர் யோசிக்க வேண்டும். அம்மா முழங்காலை மறந்து ஓடுகிறாள்.

நீ வியாழக்கிழமை போய் நின்றிருப்பாய். மேஜை காலியாக இருந்திருக்கும். காரணம் சொல்கிறேன்.

உன் அதிகாரி செவ்வாய்க்கிழமை ஒரு சின்னப் பையோடு இறங்கினார். மாற்றுத் துணி ஒன்றே ஒன்று. அன்றே சுகாதார நிலையத்தைப் பார்த்து, பிரசவ அறையில் இருந்த கட்டில், விளக்கு, தட்டு எல்லாவற்றையும் பட்டியல் எழுதிக்கொண்டார். வியாழக்கிழமை காலையில் நர்ஸம்மா தன் பெட்டியோடு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு அவரோடு திட்டுக்குப் போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். என்ன நினைத்தேன் என்று எழுத மாட்டேன், உனக்குத் தெரியும்.

விமானம் வரவில்லை. சனிக்கிழமை வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. மூன்று தடவையும் நர்ஸம்மா பெட்டியோடு போய்ப் பெட்டியோடு திரும்பி வந்தார்.

புதன்கிழமை காலை, ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். பதினொன்று ஐந்துக்கு வலி வந்தது. மிஷினை நிறுத்திவிட்டு நேராகப் போனேன், பட்டன் தைக்கவில்லை. நர்ஸம்மா முடிச்சை அவிழ்த்துப் பூட்டைத் திறந்தார். கட்டிலில் விரிப்புகூட இல்லை, அதிகாரியின் பட்டியலுக்காக மடித்து மூட்டை கட்டியிருந்தார்கள். அதிகாரியே மூட்டையை அவிழ்த்துக் கொடுத்தாராம். பிறகு வெளியே வராந்தாவில் கைக்கடிகாரத்தோடு நின்றிருக்கிறார். அத்தான் சொன்னார். பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் நோட்டில் குறித்துக்கொண்டாராம். இரண்டு மணி ஐம்பது நிமிடம். எனக்கு ரத்தம் கொஞ்சம் அதிகமாகப் போனது. நர்ஸம்மா இல்லாவிட்டால் என்று யாரும் வாக்கியத்தை முடிக்கவில்லை. அவரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

மாலையில் உள்ளே வந்தார். என்னைப் பார்க்க வெட்கப்பட்டார். “உங்க தங்கச்சி கொஞ்சம் கோபக்காரங்க” என்றார்.

“இல்லை சார், அவ ரொம்பக் கூச்சப்படுவா. கோபக்காரி நான்தான்” என்றேன். மடியில் பிள்ளை இல்லாவிட்டால் இன்னும் நிறையச் சொல்லியிருப்பேன். வியாழக்கிழமையே விமானம் வந்திருந்தால் என்று ஒரு தடவை கேட்டேன். காற்று அடித்ததால் பிழைத்தேன், அவர்கள் உத்தரவால் இல்லை. அடுத்தவளுக்கும் காற்று அடிக்கும் என்று எழுதித் தருவாரா?

எழுதித் தந்தார். பிரசவ அறை மூடும் உத்தரவை ரத்து செய்து தன் கைப்பட எழுதி, நர்ஸம்மாவிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டு, சாவியை அவரே ஆணியில் மாட்டினார். அசல் உங்கள் ஊருக்கு வர வேண்டும். அது தபால் மூட்டையில் இருக்கிறது. இந்தக் கடிதமும் அதே மூட்டையில்தான் போகும். மூட்டை அப்பாவின் எடை மேடைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. பிள்ளையை நர்ஸம்மா தராசில் நிறுத்தார், மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. ‘இவ்வளவுதானே, இதை யாரும் இறக்கிவிட முடியாது’ என்றாராம் அப்பா.

இன்று சனிக்கிழமை. இன்றும் வரவில்லை. அவர் வந்ததிலிருந்து ஐந்து கோடு. அதிகாரி இப்போது அத்தானின் சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறார், தோள் தொங்குகிறது, நான் எழுந்ததும் பிடித்துத் தைத்துக் கொடுப்பேன். தினமும் அப்பாவோடு முதல் படகில் திட்டுக்குப் போகிறார். அப்பா ஆட்டை விரட்டும்போது இவரும் மறுபக்கம் நின்று விரட்டுகிறார். இன்று காலை கோடு போடச் சுண்ணாம்புக் கட்டியை அவரே வாங்கிக்கொண்டாராம். போட்டுவிட்டு, சுவரைப் பார்த்தபடியே, “பெரியவரே, இங்கேருந்து போக எவ்வளவு நேரம்தான் ஆகும்?” என்று கேட்டிருக்கிறார்.

அப்பா ஓடுதளத்தைப் பார்த்தார். காற்றைப் பார்த்தார்.

“இருபத்திநாலு நிமிஷம்தான் சார்” என்றார்.

அன்புடன்,
உன் அக்கா